பாட் போடாம ரூன்ஸ்கேப் கிரைண்ட்: வேற வேலைய பாத்துக்கிட்டே லெவல் ஏத்துறது எப்படி

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்ங்கற ஆன்லைன் கேம்ல ஒரு ஸ்கில் உச்ச லெவலான 99 ஆகணும்னா 1,30,34,431 எக்ஸ்பி (அனுபவ பாயிண்ட்) வேணும். இதுல பெரிய கொடுமை என்னன்னா லெவல் 92 வந்தா தான் பாதி கிணறு தாண்டுன கணக்கு, 65,17,253 எக்ஸ்பி அங்க தான் வருது, மீதி பாதி முழுக்க கடைசி ஏழு லெவலுக்கு. இத மொத தடவ கேக்கறவங்களுக்கு உடனே தோணுறது என்ன, தானா கிளிக் பண்ற ஆட்டோகிளிக்கர் போட்டுட்டு தூங்கிடலாமா, இல்ல நமக்கு பதிலா ஆடுற பாட் (bot) ஸ்கிரிப்ட் எங்கயாச்சும் கிடைக்குமா. கிடைக்கும். ஆனா வேணாம்.

ஏன் வேணாம்ங்கறத சட்டுனு சொல்லிடறேன். கேம நடத்துற ஜாகெக்ஸ் கம்பெனி வச்சிருக்கற ரூல் ரொம்ப சிம்பிள், நீங்க ஒரு தடவ அமுக்கினா கேம்ல ஒரு காரியம் தான் நடக்கணும். ஒரு பட்டன அமுக்கி பத்து கிளிக் விழுந்தாலோ, நீங்க இல்லாதப்ப கிளிக் தானா விழுந்தாலோ அது மேக்ரோ, சிக்கினா அக்கவுண்டே மொத்தமா போகலாம். ஹை ஆல்கமி, அதாவது பொருள காசா மாத்துற மந்திரம், பண்றவங்க தான் இதுல அதிகமா மாட்டுவாங்க, ஏன்னா மவுஸ நகத்தவே வேணாம், ஒரே இடத்துல 3 செகண்டுக்கு ஒரு தடவ அமுக்கிட்டே இருக்கணும், ஆட்டோகிளிக்கருக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கும், ஆனா மணிக்கணக்கா ஒரே பிக்சல்ல ஒரே இடைவெளில கிளிக் விழுந்தா அது மனுஷன் இல்லன்னு யாருக்கும் தெரியும்ல. இது இன்னிக்கு நேத்து சண்டையும் இல்ல. கேம் காச நிஜ காசுக்கு வித்து சம்பாதிக்கறவங்களையும் அவங்க பாட்டையும் ஒழிக்கறோம்னு 2007 கடைசில ஆரம்பிச்சு 2008 தொடக்கத்துக்குள்ள ஆட்டக்காரங்க இஷ்டம் போல பொருள் கைமாத்துற ப்ரீ ட்ரேடையே கட் பண்ணாங்க, ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்கற பழைய வைல்டர்னெஸும் போச்சு, ரெண்டும் 2011 பிப்ரவரில தான் திரும்ப வந்துச்சு, அதே வருஷம் அக்டோபர்ல பாட்ட எல்லாம் கூண்டோட தூக்குன அப்டேட். இப்ப நாம ஆடுற ஓல்ட் ஸ்கூலே அந்த மாத்தத்துக்கு முன்னாடி இருந்த, 2007 ஆகஸ்ட் பேக்கப்ப எடுத்து 2013ல திறந்தது தான். அது போக, வெளிய கிடைக்குற பாட் ப்ரோக்ராம் உங்க பாஸ்வேர்ட சுட்டுட்டு போகாதுன்னு என்ன உத்தரவாதம்.

சரி, அப்ப என்ன தான் வழி? கேம்குள்ளயே தானா நடக்கற சமாச்சாரம் ஏகப்பட்டது இருக்கு, நாம தான் ஒரு மணிக்கு எவ்ளோ எக்ஸ்பின்னு மட்டும் பாத்து அத கண்டுக்கறதில்ல. வேல பாத்துக்கிட்டோ பாடம் படிச்சுக்கிட்டோ ஆடுறவங்க பாக்க வேண்டிய கணக்கு வேற, ஒரு கிளிக்குக்கு எவ்ளோ எக்ஸ்பி, அடுத்த கிளிக் வரைக்கும் எவ்ளோ நேரம் கிடைக்குது. மணிக்கு ஒரு லட்சம் எக்ஸ்பி குடுக்குற முறைல செகண்டுக்கு செகண்ட் அமுக்கணும்னா அத அரை மணி நேரத்துல விட்டுருவீங்க. முப்பதாயிரம் தான் வருது ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ தொட்டா போதும்னா அத நாள் முழுக்க ஓட்டலாம். கடைசில ஜெயிக்கிறது இது தான்.

மொதல்ல செட்டப். கம்ப்யூட்டர்ல ஆடுறீங்கன்னா ரூன்லைட் போட்டுக்கங்க, ஜாகெக்ஸே அனுமதிச்ச க்ளையன்ட் (கேம ஓட்டுற சாப்ட்வேர்) தான் அது, பயப்பட வேணாம். அதுல ஐடில் நோட்டிபையர்னு ஒரு ப்ளகின் இருக்கு, உங்க ஆளு சும்மா நின்னாலோ ஹெச்பி (உயிர் அளவு) இறங்குனாலோ சத்தம் போட்டு கூப்புடும், நீங்க வேற விண்டோல இருந்தா கூட. இன்னொன்னு என்பிசி அக்ரஷன் டைமர், அது எதுக்குன்னு இப்ப வருது. ரெண்டும் தகவல் தான் சொல்லும், உங்களுக்கு பதிலா கிளிக் பண்ணாது, அதனால தான் அதுக்கு அனுமதி. ரூன்லைட் மாதிரியே பேர் வச்சு டூப்ளிகேட் சைட்டு உண்டு, அதனால டவுன்லோட் பண்றப்ப அட்ரஸ ஒழுங்கா பாருங்க.

இப்ப சண்டை ஸ்கில். இங்க தான் உண்மையான ஆட்டோ ப்ளே இருக்கு. காம்பேட் ஆப்ஷன்ஸ் டேப்ல ஆட்டோ ரிட்டாலியேட்னு ஒரு பட்டன், அத ஆன் பண்ணிட்டா உங்கள யார் அடிச்சாலும் உங்க ஆளு தானா திருப்பி அடிப்பான். அப்ப நமக்கு தேவை என்ன, தானா வந்து நம்மள அடிக்கிற, ஆனா வலிக்காத எதிரி. அது தான் நண்டு. சாண்ட் கிராப் கல்லு மாதிரி மண்ணுல படுத்து கிடக்கும், பக்கத்துல போய் நின்னா எந்திரிச்சு வந்து அடிக்கும், அதிகபட்ச அடியே 1 தான், அதோட ஹெச்பி 60. சண்டைல ஒரு டேமேஜுக்கு 4 எக்ஸ்பி, கூடவே ஹிட்பாயிண்ட்ஸ்ல 1.33, ஆக ஒரு நண்டு செத்தா 240ம் ஒரு 80ம். செத்த கொஞ்ச நேரத்துல அங்கயே மறுபடி முளைக்கும், நீங்க நின்ன இடத்துலயே நிக்கறதால தானா எந்திரிச்சு தானா வந்து சாகும். மூணு நண்டு சேர்ற இடமா பாத்து நின்னுட்டா கை வைக்கவே வேணாம்.

எங்க இருக்கு? க்ரேட் கௌரெண்ட்ல ஹொசிடியஸ் தெக்கு கடற்கரை பூரா நண்டு தான், கூட்டம் ஜாஸ்தியா இருந்தா அங்க சாண்டிக்ராப்னு ஒரு ஆளு (ஆமா பேரே அப்டி தான்) 10,000 காசு வாங்கிட்டு க்ராப்கிளா தீவுக்கு கூட்டிட்டு போவான். போன் வாயேஜ்ங்கற குவெஸ்ட் (கேம்ல குடுக்கற கதைப் பணி) முடிச்சவங்க பாசில் ஐலண்ட் போனா அம்மோனைட் கிராப், அதுக்கு ஹெச்பி 100, அதாவது ஒவ்வொன்னுக்கும் 400 எக்ஸ்பி, முளைக்கறதுக்கு காத்துக்கெடக்குற நேரமும் கம்மி. வார்லமோர் பக்கம் போறவங்களுக்கு ஜெம்ஸ்டோன் கிராப் இருக்கு, 50,000 ஹெச்பி, எத்தன பேர் சேந்து அடிச்சாலும் இடத்துக்கு சண்டையே வராது, பத்து நிமிஷம் அடிச்சதும் மண்ணுக்குள்ள போயிடும், நாமளும் அங்க இருக்கற சுரங்கம் வழியா அது பின்னாடி போகணும், அவ்ளோ தான். இதெல்லாம் மெம்பர்ஸ், அதாவது சந்தா கட்டுனவங்க, இடம்ங்கறத ஞாபகம் வச்சுக்கங்க.

இதுல ஒரு பிடி இருக்கு. சாண்ட் கிராப், அம்மோனைட் ரெண்டுமே பத்து நிமிஷம் தான் தானா அடிக்கும், அதுக்கப்புறம் உங்கள பாத்து பழகிடும், கல்லு கல்லாவே கிடக்கும். அப்ப நீங்க அங்கேந்து நல்லா தள்ளி ஓடிட்டு, ஒரு முப்பது நாப்பது கட்டம்னு வச்சுக்கங்க, திரும்ப வந்து நின்னா மறுபடி பத்து நிமிஷம். மேல சொன்ன அக்ரஷன் டைமர் இதுக்கு தான், நேரம் முடிஞ்சத அதுவே காட்டும், எவ்ளோ தூரம் ஓடணும்னு தரைல கோடும் போட்டு காட்டும். இன்னொன்னு, 20 நிமிஷம் எதையுமே தொடலன்னா ஆட்டோ ரிட்டாலியேட்டும் வேல செய்றத நிறுத்திடும், ராத்திரி முழுக்க ஓடட்டும்னு விட்டுட்டு போக முடியாது, அதுக்கு தான் அந்த ரூலே. ஸ்பாட்டுல ஏற்கனவே ஒருத்தர் நின்னா வேர்ல்ட் (சர்வர்) மாத்தி போயிடுங்க, அவர் நண்டுல பங்கு கேட்டு நின்னா ரெண்டு பேருக்கும் எக்ஸ்பி போச்சு, திட்டும் வாங்குவீங்க.

ஆயுதம் எடுக்கறப்ப கவனிக்க வேண்டியது, எந்த ஸ்டைல்ல அடிக்கிறீங்களோ அந்த ஸ்கில் தான் ஏறும். அக்யூரேட்னா அட்டாக், அக்ரெசிவ்னா ஸ்ட்ரெங்த், டிபென்சிவ்னா டிபென்ஸ். மொதல்ல ஸ்ட்ரெங்த்த ஏத்துங்க, அடி பெருசானா மத்த ரெண்டும் சீக்கிரம் ஏறும். 40 அட்டாக் வந்ததும் ரூன் சிமிட்டார் வாளே போதும், காசு செலவு பண்ணாதீங்க. அபிசல் விப்ங்கற சாட்டைய வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனைக்கறவங்களுக்கு ஒன்னு, விப்ல தனி ஸ்ட்ரெங்த் ஸ்டைலே கிடையாது, கன்ட்ரோல்ட்ங்கற ஸ்டைல்ல அடிச்சா மூணுக்கும் பிரிஞ்சு தான் போகும். வில்லு மாதிரி தூரத்துலேந்து அடிக்கற ரேஞ்ச்ட் ஸ்கில்ல ஏத்தறவங்க அனிமல் மேக்னெட்டிசம் குவெஸ்ட மொதல்ல முடிச்சுடுங்க, அதுல கிடைக்குற ஆவா டிவைஸ் முதுகுல இருந்தா விட்ட அம்புல பெரும்பாலானது தானா திரும்ப வந்துடும், இல்லன்னா அம்பு பொறுக்கறதே தனி கிரைண்ட்.

நைட்மேர் சோன்ங்கற சண்டை இடத்த பத்தி கேப்பீங்க. யானில் ஊர்ல இருக்கு, நல்ல இடம், ஆனா அப்சார்ப்ஷன் போஷன், ஓவர்லோடு, ஹெச்பிய 1க்கு கொண்டு வர ராக் கேக்னு முன் வேல நிறைய, குவெஸ்டும் கொஞ்சம் முடிச்சிருக்கணும். புதுசா வர்றவங்களுக்கு நண்டு தான்.

சண்டை இல்லாத ஸ்கில்லுக்கு வருவோம், இங்க பேங்க் பக்கத்துல நின்னு பண்றது தான் அடிப்படை. கேம் ஓடுறது டிக் கணக்குல, ஒரு டிக்னா 0.6 செகண்ட். ஒரு மீன் சமைக்க 4 டிக், அதாவது 2.4 செகண்ட், இன்வென்டரி பூரா 28 மீன் வச்சுட்டு, எல்லாத்தையும் சமைக்கற 'ஆல்' ஆப்ஷன்ல விட்டு ஸ்பேஸ் பார தட்டுனா 67 செகண்ட் உங்க கைல. வில்லு செதுக்குறது ஒன்னுக்கு 1.8 செகண்ட், கத்தி ஒரு இடம் போக 27 கட்டை, கிட்டத்தட்ட 49 செகண்ட். அதே வில்லுக்கு நாண் கட்டறது 14 தான் ஒரு தடவைக்கு, 17 செகண்ட்ல முடிஞ்சிடும், எக்ஸ்பி நல்லா வந்தாலும் வேற வேல பாத்துக்கிட்டு பண்ண முடியாது. புது முறை எது பாத்தாலும் இந்த மாதிரி இன்வென்டரிக்கு எத்தன செகண்ட்னு ஒரு தடவ கணக்கு போட்டு பாருங்க, வீடியோல சொல்ற எக்ஸ்பி நம்பர விட இது தான் உங்களுக்கு உதவும்.

மரம் வெட்டறதுல லெவல் 90 வந்துட்டா உட்கட்டிங் கில்ட்ல ரெட்வுட், அது தான் சோம்பேறிகளோட சொர்க்கம், மெதுவா விழும், இன்வென்டரி நிறைய ரொம்ப நேரம் ஆகும். அதுக்கு முன்னாடி வில்லோ, அப்புறம் யூ, இது ரெண்டும் சந்தா இல்லாத ப்ரீ டு ப்ளேலயும் உண்டு. மைனிங்குக்கு ஷூட்டிங் ஸ்டார் மாதிரி இன்னொன்னு கிடையாது, வானத்துலேந்து விழுந்த நட்சத்திரத்துல ஒரு கிளிக் விட்டா ஒரு லேயர் தேயுற வரைக்கும் பல நிமிஷம் தானா வெட்டிட்டு நிக்கும், அதுலேந்து வர்ற ஸ்டார்டஸ்ட் இன்வென்டரில ஒரே இடம் தான் பிடிக்கும்ங்கறதால பேங்க் போற வேலையும் இல்ல. ஸ்டாரோட சைஸுக்கு பத்து மடங்கு மைனிங் லெவல் வேணும், சைஸ் 6னா 60. எங்க விழுந்துச்சுன்னு தேடறது தான் இதுல உள்ள ஒரே வேல.

மொபைல்ல ஆடுறவங்களுக்கு, 2018 அக்டோபர்ல மொபைல் வந்ததுலேந்து அதே அக்கவுண்ட் அதே வேர்ல்ட், வீட்ல கம்ப்யூட்டர்ல விட்டத பஸ்ல தொடரலாம். நெட்வொர்க் விட்டு விட்டு வர்ற ரூட்ல சண்டை வேணாம், மீன் பிடிக்கறது, மரம், ஸ்டார் இதோட நிறுத்திக்கங்க, கனெக்ஷன் போனா ஒன்னும் நஷ்டமில்ல. பிரைட்னெஸ்ஸ கொறைச்சு வைங்க, ஆப்ப பின்னாடி தள்ளிட்டு வேற ஆப் திறந்தா போனே இத மூடிடும். எதுல ஆடுனாலும் 6 மணி நேரம் ஆனா கேமே வெளிய தள்ளும், சண்டைக்கு நடுவுல இருந்தாலும், அதனால ஆபத்தான இடத்துக்கு போறதுக்கு முன்னாடி ஒரு தடவ லாக்அவுட் பண்ணி உள்ள வந்துடுங்க.

லாக்அவுட் பண்ணுன பிறகும் ஓடுறது சிலது இருக்கு, அத விட்டுடாதீங்க. பாசில் ஐலண்ட்ல நாலு பறவக்கூடு வச்சு விதை போட்டுட்டு போனா ஒரு 50 நிமிஷத்துல ஹன்ட்டர் எக்ஸ்பி ரெடி. பழ மரம் நட்டா 16 மணி நேரம், காலைல ஒரு தடவ பாத்தா போதும். த்ரோன் ஆப் மிஸ்கெலேனியா குவெஸ்ட் முடிச்சா ஒரு ராஜ்ஜியமே கைல வரும், அங்க ஜனங்க உங்களுக்காக மரம், மீன், நிலக்கரி, மூலிகைன்னு சேத்து வைப்பாங்க. நீங்க காசு போட்டு வைக்கற கஜானாலேந்து தினமும் பத்து சதவீதம் சம்பளமா போகும், உச்சவரம்பு 50,000, ராயல் ட்ரபிள் குவெஸ்ட் முடிச்சவங்களுக்கு 75,000, அதனால 7.5 லட்சத்துக்கு கீழ இறங்காம பாத்துக்கிட்டா முழு வேல நடக்கும். நாளாக ஆக ஜனங்களோட அப்ரூவல் குறையும், போறப்ப கொஞ்சம் களை பறிச்சோ மரம் வெட்டியோ குடுத்து 100க்கு ஏத்திட்டு வந்துடுங்க.