வவுனியா ரவுணுக்குள்ள மல்டிபாத் அளக்கப் போறீங்களோ? விடக்கூடாத பிழையள்

புரொஜெக்டுக்கு ரேடியோ சேனல், அதாவது சிக்னல் நேராயும் சுவர், தகரத்தில தெறிச்சும் பல பாதையால வாறதை (மல்டிபாத்) அளக்க வவுனியா, கிளிநொச்சி ரவுண் பக்கம் வெளிக்கிடுற பிள்ளையளுக்கு முதல்ல ஒண்டு சொல்லவேணும், ஸ்கிரீன்ல வடிவா ஒரு கிராப் வந்தோடன அது தெருவைத்தான் காட்டுதெண்டு நம்பிப்போடாதேங்கோ, கனதரம் அது உங்கட கருவியையும் கேபிளையும்தான் காட்டும்.

அதால காலிபிரேஷனை விட்டிட்டுப் போகாதேங்கோ. அனுப்புற பக்கத்தையும் வாங்கிற பக்கத்தையும் கேபிளால நேர கொழுவி, நடுவில சிக்னலைக் குறைக்கிற அட்டெனுவேட்டர் போட்டு (போடாட்டி ரிசீவர் பழுதாப்போகலாம்) அளந்து சேமிச்சு வையுங்கோ, பிறகு தெருவில எடுத்ததில இருந்து அந்தப் பாதிப்பை நீக்கவேணும். லாப் ஏசிக்குள்ள செய்தது மத்தியான வெயிலுக்கு சரிவராது, கருவி சூடாகி நிலைக்கு வந்தாப்பிறகு அந்த இடத்திலயே திருப்பி செய்யுங்கோ.

பேண்ட்வித் (அளக்கிற அதிர்வெண் வீச்சின்ர அகலம்) 20 மெகாஹேர்ட்ஸ் எண்டா ரெண்டு தெறிப்பைப் பிரிச்சுப் பார்க்க 50 நானோசெக்கன் இடைவெளி வேணும், அதாவது 15 மீட்டர் பாதை வித்தியாசம். அதுக்குள்ள வாற கடை ஷட்டர், எதிர்ப்பக்கத் தகரம், நிக்கிற பஸ் எல்லாத்தின்ர தெறிப்பும் ஒரே கட்டியாத்தான் தெரியும். 100 மெகாஹேர்ட்ஸ் எண்டா 3 மீட்டர், எங்கட ஒடுக்கமான கடைவீதியளுக்கு அதாவது வேணும்.

நெட்வேர்க் அனலைசரால (அதிர்வெண்ணைப் படிப்படியா மாத்தி அளக்கிற கருவி) அளக்கிறவை ஸ்டெப்பை, அதாவது ஒரு அதிர்வெண்ணுக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கோ. 1 மெகாஹேர்ட்ஸ் ஸ்டெப் எண்டா 1 மைக்ரோசெக்கன், 300 மீட்டர் பாதை வரைக்கும்தான் சரியாத் தெரியும், அதைவிட நீளமான பாதையால வாறது மடிஞ்சு வந்து கிட்ட இருக்கிறமாதிரி நிக்கும். ஸ்வீப் (முழு பேண்டையும் ஒருக்கா அளந்து முடிக்கிறது) முடிய முதல் ஏ9 வீதியால பஸ் ஒண்டு போனா அந்த ஸ்வீப்பை எறியிறதுதான்.

என்ர கண்ணில கூடுதலாப் படுற பிழை நொய்ஸ். டிலே ஸ்ப்ரெட் (தெறிப்பெல்லாம் எவ்வளவு நேரத்துக்குப் பரவி வருது எண்ட அளவு) கணக்கில டிலேயின்ர வர்க்கம் வாறதால, கடைசியில கிடக்கிற சின்ன நொய்ஸ் கூட விடையைப் பெருப்பிச்சுப் போடும். ரெண்டு மாடிக் கடையளுக்கு நடுவில நிண்டு அளந்திட்டு பெரிய நகரத்து மாதிரி ஒரு டிலே ஸ்ப்ரெட் வந்தா சந்தோசப்படாதேங்கோ, முதல் சிக்னல் வர முன்னம் இருக்கிற பகுதியில நொய்ஸ் மட்டத்தை எடுத்து, அதுக்கு சில டெசிபெல் மேல வெட்டுங்கோ. எவ்வளவில வெட்டினது எண்டு ரிப்போட்டில கட்டாயம் எழுதுங்கோ, அது இல்லாத நம்பரை வேற ஆளின்ர நம்பரோட ஒப்பிடேலாது.

ஒரே புள்ளியில அளந்து முடிக்கவும் வேண்டாம். 2.4 கிகாஹேர்ட்ஸில அலைநீளம் 12.5 சென்ரிமீட்டர், அன்ரெனாவை நாலு விரல் தள்ளினாலே சிக்னல் விழுந்து எழும்பும், 20, 40 அலைநீளத்துக்கு நகர்த்தி சராசரி எடுங்கோ. அந்த பேண்டில கடை வைஃபையளும் கத்திக்கொண்டிருக்கும், வேற பேண்டில அனுப்பிறதெண்டா முதல்லயே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிட்ட அனுமதி எடுக்கவேணும்.

ஒவ்வொரு இடத்திலயும் ஃபோட்டோ எடுத்து, கடை ஷட்டர் பூட்டியோ திறந்தோ எண்டும் குறிச்சு வையுங்கோ, பூட்டின ஷட்டர் முழுசா இரும்புச் சுவர், ஞாயிற்றுக்கிழமை அளந்ததையும் திங்கக்கிழமை அளந்ததையும் ஒண்டாக் கலந்தா பிறகு பிரிக்கேலாது.