நாட்டுக்கோழியை அடை வைத்துக் குஞ்சு பொரிக்கும் முறை: புதியவர்களுக்கான விளக்கம்

வீட்டுப் புறக்கடையில் நான்கைந்து நாட்டுக்கோழிகளை வளர்த்து, அவற்றின் முட்டைகளிலிருந்தே குஞ்சுகளைப் பெருக்கிக்கொள்ள விரும்புவோர் பெரும்பாலும் முதலில் குஞ்சு பொரிக்கும் கருவியான இன்குபேட்டரின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். புதியவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. இன்குபேட்டரில் வெப்பத்தை ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸில் நிலையாக வைக்க வேண்டும்; ஈரப்பதத்தைக் கண்காணிக்க வேண்டும்; பதினெட்டாம் நாள் வரை முட்டைகளைத் தினமும் பலமுறை திருப்பிவிட வேண்டும்; இடையில் மின்சாரமும் போகக்கூடாது. இவை அனைத்தையும் ஓர் அடைக்கோழி யாரும் சொல்லித் தராமலே செய்துவிடும். குறிப்பாகச் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வகை அடைகாப்பதிலும் குஞ்சுகளைக் காப்பதிலும் பெயர்பெற்றது.

முதலில் முட்டை

சேவலோடு சேர்ந்து திரியும் கோழி இட்ட முட்டையில் மட்டுமே கரு இருக்கும். கடையில் வாங்கும் வெள்ளை முட்டைகள் சேவலே இல்லாத பண்ணைகளிலிருந்து வருபவை என்பதால், அவற்றை எத்தனை நாள் அடை வைத்தாலும் குஞ்சு வராது. எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதுமானது.

கோழி முட்டையிட்டவுடன் எடுத்து, அதன் மீது பென்சிலால் தேதியைக் குறித்து, கூர்முனை கீழே இருக்கும்படி குளிர்ச்சியான நிழலில் அடுக்கி வையுங்கள். மண்பானையில் மணலைப் பரப்பி அதில் வைப்பது நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற வழி. குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். அழுக்காக இருக்கிறதே என்று கழுவவும் வேண்டாம். ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு நீங்கினால் கிருமிகள் எளிதில் உள்ளே செல்லும். ஏழு நாட்களுக்கு மேற்பட்ட முட்டை, கீறல் விழுந்தது, அளவுக்கு மீறிப் பெரியது, உருண்டையானது, கோணலானது ஆகியவற்றைச் சமையலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அடை வைத்தல்

முட்டையிட்டு முடித்த கோழி கூட்டை விட்டு எழாமல், கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தால் அது அடைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். அவசரப்படாமல் ஓரிரு நாட்கள் அதே இடத்தில் உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு, அகலமான மூங்கில் கூடையில் மணலையோ சாம்பலையோ கொட்டி, நடுவில் சற்றுக் குழியாக்கி, மேலே வைக்கோலைப் பரப்புங்கள். அடியில் சிறிது வேப்பிலையைப் போட்டால் பேன், செள் தொல்லை குறையும். இடி சத்தத்தில் முட்டை கெடாமல் இருக்க இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போடும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் உண்டு. அதனால் பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, கெடுதலும் இல்லை.

கோழியின் உடல் முழுதாக மூடக்கூடிய அளவுக்குப் பத்து அல்லது பன்னிரண்டு முட்டைகள் போதும். கூடுதலாக வைத்தால் ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து, எல்லா முட்டைகளுமே பாதிக்கப்படும். இருட்டிய பிறகு கோழியை மெதுவாகத் தூக்கி முட்டைகளின் மேல் உட்கார வைத்தால் அது கலையாது. அன்றாடம் ஒருமுறை, கால் மணி நேர அளவுக்கு அது இறங்கித் தீனி தின்று, நீர் குடித்து, எச்சமிட்டுத் திரும்ப வேண்டும். தானாக இறங்காத கோழியை நீங்களே தூக்கி வெளியே விட வேண்டும். இல்லாவிட்டால் கூடையிலேயே கழிந்து முட்டைகளைப் பாழாக்கும்.

ஏழாம் நாள் சோதனை

புதியவர்கள் தவிர்க்கவே கூடாத வேலை இது. ஓர் அட்டையில் முட்டையை விடச் சிறிய துளையிட்டு, இருட்டறையில் அடியிலிருந்து டார்ச் ஒளியைப் பாய்ச்சி, முட்டையின் அகன்ற முனையைத் துளையின் மீது வையுங்கள். கரு வளர்ந்திருந்தால் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்தி வலைபோல் எல்லாப் பக்கமும் பிரியும் சிவப்பு நரம்புகளும் தெரியும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் புள்ளி அசைவதையும் காணலாம். மஞ்சள் கருவின் நிழல் தவிர வேறொன்றும் இல்லாமல் தெளிவாக ஒளிர்ந்தால் அதில் கரு கூடவில்லை. நரம்புகள் இன்றிச் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடங்கிப் பின் இறந்துவிட்டது. இவ்விரண்டையும் அகற்றிவிட வேண்டும், ஏனெனில் கூமுட்டை அழுகி உடைந்தால் நல்ல முட்டைகளும் கெட்டுவிடும். நாட்டுக்கோழி முட்டையின் ஓடு பழுப்பாக இருப்பதால் ஐயமாக இருப்பதை ஒதுக்காமல் மீண்டும் வைத்து, பதினான்காம் நாள் மறுபடி பாருங்கள். அப்போது அகன்ற முனையில் காற்று நிறைந்திருக்கும் காற்றறை தவிர மற்ற பகுதி பெரும்பாலும் இருண்டிருக்க வேண்டும்.

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொட வேண்டாம். இருபதாம் நாள் வாக்கில் ஓட்டில் சிறு விரிசல் தெரியும். இருபத்தோராம் நாள் குஞ்சுகள் வெளிவரும். விரிசல் விட்ட பின் பல மணி நேரம் அசைவின்றி இருப்பது இயல்பு. இரக்கப்பட்டு ஓட்டைப் பிய்த்தால் உள்ளே இன்னும் வற்றாத இரத்தக் குழாய்கள் கிழிந்து குஞ்சு இறக்கும்.

முதல் வாரங்கள்

வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாட்களுக்குப் போதும் என்பதால், தாய் தானாகக் கூடையை விட்டு இறங்கும் வரை காத்திருக்கலாம். பிறகு பொடித்த கம்பு, குருணை, உடைத்த மக்காச்சோளம் ஆகியவற்றோடு குஞ்சுத் தீவனத்தையும் கலந்து கொடுங்கள். தானியத்தில் மட்டும் போதிய புரதம் கிடைக்காது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை பானை நிறையக் கரையான் கிடைக்கும். வெயில் ஏறும் முன் எடுக்காவிட்டால் அவை மண்ணுக்குள் இறங்கிவிடும். தண்ணீரைத் தட்டையான கிண்ணத்தில், நடுவில் கூழாங்கற்கள் இட்டு வையுங்கள். ஆழமான பாத்திரத்தில் குஞ்சு மூழ்கி இறப்பது சாதாரணமாக நடக்கிறது.

குஞ்சுகளைக் காக்கை, பருந்து, கீரி, பூனை ஆகியவற்றிடமிருந்து காக்கப் பகலில் பஞ்சாரத்தாலும் (கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை), இரவில் சிறு கண்ணி வலை அடித்த கூண்டாலும் பாதுகாப்புத் தர வேண்டும். வளர்ந்த கோழி ஒன்றுக்கு இரவுக் கூண்டில் இரண்டு சதுர அடி இருந்தால் நெருக்கடி இராது.

தடுப்பு மருந்து விஷயத்தில் சலுகை கிடையாது. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்னும் தொற்றுநோய் வந்துவிட்டால் கூட்டமே ஓரிரு நாட்களில் அழியக்கூடும், அதற்கு மருந்தும் இல்லை. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா என்னும் தடுப்பு மருந்து, இருபத்தெட்டாம் நாள் வாக்கில் குடிநீரில் மறுபடியும் லசோட்டா, எட்டாவது வாரத்தில் ஊசி என்பது பொதுவான வரிசை. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தைப் பனிக்கட்டியோடு கொண்டுவந்து உடனே பயன்படுத்த வேண்டும். நாட்டு மருந்துகளைக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அவை தடுப்பூசிக்கு ஈடாகா.

தாய் குஞ்சுகளை ஆறு முதல் எட்டு வாரம் வரை உடன் வைத்திருந்து, பின் கொத்தி விரட்டும். அதற்குப் பிறகே மீண்டும் முட்டைக்கு வரும். அடுத்த முறை அடை வேண்டாம் என்றால், கோழியின் மூக்கில் இறகைச் செருகும் பழைய வழக்கத்தைப் பின்பற்ற வேண்டாம், அது வீண் கொடுமை. கம்பி அடித்தளம் கொண்ட வெளிச்சமான கூண்டில், தீனியும் நீரும் வைத்து மூன்று நான்கு நாட்கள் அடைத்தால், அடிவயிறு குளிர்ந்து அடை தெளிந்துவிடும்.