பழைய மண்ணெண்ணெய்க் குளிர்சாதனப் பெட்டியை இனங்கண்டு திருத்தும் முறை

வன்னியில் மின்சாரம் இல்லாதிருந்த நீண்ட ஆண்டுகளைத் தாண்டி வந்த பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று உங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் கிடந்தால், அதைப் பழைய இரும்புக்கு நிறுத்துக் கொடுக்கும் முன் ஒருமுறை சுவரிலிருந்து இழுத்துப் பின்புறத்தைப் பாருங்கள். அடியில் உருண்டைக் கொம்பிரசர் இருந்தால் அது மின்சாரப் பெட்டி. தகட்டில் 110 வோல்ட் என்றிருந்தால் நமது 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாகச் செருகக் கூடாது. கொம்பிரசர் இல்லாமல், வளைந்து செல்லும் தடித்த இரும்புக் குழாய்களும் நேராக மேலேறும் புகைக்குழாயும் அடியில் இழுத்தெடுக்கும் எண்ணெய்த் தாங்கியும் இருந்தால் அது மண்ணெண்ணெய்ப் பெட்டி. இவ்விளக்கம் அதற்கானது.

சுவீடன் நாட்டின் பிளாட்டன், முன்டர்ஸ் என்னும் இரு மாணவர்கள் 1922இல் உருவாக்கிய அமைப்பு இது. சுவாலையின் சூட்டில் நீரிலிருந்து பிரியும் அமோனியா மேலே சென்று குளிர்ந்து திரவமாகி, உறைபெட்டியில் ஐதரசனுடன் கலந்து ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சி, மீண்டும் நீரில் கரைகிறது. அசையும் பாகம் ஒன்றும் இல்லை. திரவம் தன் பாரத்தாலேயே கீழிறங்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை மட்டம் பார்ப்பது. உறைபெட்டியின் உட்தளத்தில் ரசமட்டத்தை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் வைத்துப் பார்த்து, மண்தரையானால் கால்களின் கீழ் பலகை கொடுத்துச் சரிசெய்யுங்கள். சிறு சரிவே குளிரைக் கெடுத்துவிடும் என்பதால் இதில் அவசரம் வேண்டாம்.

அடுத்துத் தாங்கியிலுள்ள பழைய எண்ணெயை ஊற்றிவிட்டு, திரியின் கருகிய விளிம்பைச் சமமாகத் துடைத்தெடுங்கள். எரிகலனை அகற்றியபின் புகைக்குழாயின் மேல்வாயில் தொங்கும் முறுக்குத் தகட்டை உருவி, நீண்ட தூரிகையால் கரியைக் கீழே தள்ளுங்கள். கரி படிந்த குழாய் சூட்டை உள்ளே விடாது. நான் பார்த்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் குறை இங்கேதான் இருந்தது. புதிய எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் சுவாலை நீலமாக, வட்டம் முழுதும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். மஞ்சளாக எரிந்தால் மறுபடி கரி பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில், கிடுகு வேலிக்கும் கூரைக்கும் தள்ளியே பற்றவையுங்கள்.

குளிர் மெதுவாகவே வரும். மறுநாள் காலையில்தான் முடிவுசெய்ய வேண்டும். சுவாலையின் சூடு ஏறும் குழாய்ப்பகுதியான கொதிகலன் சூடாக இருந்தும் உறைபெட்டி குளிராவிட்டால், அணைத்து, ஆறவிட்டு, தாங்கியைக் கழற்றியபின் பெட்டியை மெல்லத் தலைகீழாகச் சாய்த்துச் சில மணிநேரம் வைத்து, நிமிர்த்தி ஒருநாள் அசையாமல் விடுங்கள். தேங்கிய திரவம் கலந்து ஓட்டம் திரும்புவதுண்டு.

குழாய்களில் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தாலோ தொடக்கத்திலேயே நிறுத்திவிடுங்கள். அந்த மஞ்சள், துருவைத் தடுக்கச் சேர்த்த நச்சுக் குரோமேற்று. உள்ளே அழுத்தத்தில் இருப்பது தீப்பற்றும் ஐதரசன். வெட்டவும் கூடாது, ஒட்டவும் கூடாது. அத்தகைய பெட்டியை வெளியே வைத்து, கதவுத் தாழைக் கழற்றிவிடுங்கள். பழைய தாழ்கள் உள்ளிருந்து திறவா, விளையாடும் பிள்ளைகள் அகப்பட்டால் மூச்சடைத்துவிடும்.