ஆண்டு மதிப்பீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்

ஜூலையில் நடந்த ஒரு தவறை ஊழியர் அடுத்த மார்ச் மாத மதிப்பீட்டுக் கூட்டத்தில்தான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறார் என்றால், குறை மேலாளரிடமே இருக்கிறது. மென்பொருள் நிறுவனமான அடோபி 2012இல் ஆண்டு மதிப்பீட்டைக் கைவிட்டு, ஆண்டு முழுவதும் தொடரும் உரையாடல்களுக்கு மாறியது. மைக்ரோசாஃப்ட் 2013இல், ஊழியர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுக் கட்டாயமாகத் தரம் பிரிக்கும் முறையை நிறுத்தியது.

ஆண்டு முழுவதும் தொடரும் இத்தகைய உரையாடலைச் சிறு அலுவலகங்களும் செலவின்றி நடத்தலாம். ஒவ்வொருவருக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, நீங்கள் நேரில் கண்டதை வாரந்தோறும் தேதியுடன் எழுதுங்கள். இல்லாவிட்டால் கடைசி இரண்டு மாத நினைவே ஆண்டு முழுவதற்குமான மதிப்பெண்ணாகிவிடும். "பொறுப்பில்லாதவர்" என்று எழுதாமல், "செவ்வாய்க்கிழமை தர வேண்டிய கணக்கு வியாழக்கிழமை வந்தது" என்று எழுதுங்கள். குணத்தைப் பற்றிய தீர்ப்பு மனத்தைப் புண்படுத்துமே தவிர, எதை மாற்ற வேண்டும் என்று சொல்லாது.

மாதம் ஒருமுறை தனியாக அமர்ந்து பேசும்போது, தாமதத்துக்கு ஊழியர் கூறும் காரணத்தை முதலில் முழுமையாகக் கேளுங்கள். வேறொரு பிரிவிலிருந்து வர வேண்டிய தகவலோ பழுதான கருவியோ காரணமாக இருந்தால், அதைச் சரிசெய்வது உங்கள் கடமை. பேசி முடித்ததும், இருவரும் ஒப்புக்கொண்டவற்றையும் அவற்றுக்கான தேதிகளையும் அன்றே மின்னஞ்சலில் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.