சாத்த மறுத்த ஜன்னல் கதவு

இந்த மழைக்காலத்தில் படுக்கையறை ஜன்னல் கதவைச் சாத்தவே முடியவில்லை. மரம் ஈரத்தில் ஊதிவிட்டது என்று நினைத்து இழைப்புளியைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, அதற்கு முன் இடுக்கைச் சுற்றிப் பார்த்தேன். தாழ்ப்பாள் பக்கக் கீழ்மூலை மட்டும்தான் உரசியது. அதே பக்கம் மேலே பென்சில் நுழையும் இடைவெளி. சரி, கதவு தொங்குகிறது, கோளாறு மேல் கீலில்!

அங்கே 2 ஸ்க்ரூக்கள் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றின. கதவையே கழற்றி இறக்கினேன். மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து, சட்டத்தில் இருந்த துளைகள் நிறையும்வரை அடித்து இறக்கினேன். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும், இதில் அவசரப்படக் கூடாது. அப்புறம் நீட்டிக்கொண்டிருந்ததைச் சீவிவிட்டு, நடுவில் மெல்லிய துளை போட்டு அதே ஸ்க்ரூக்களை முடுக்கினேன். இறுகப் பிடித்தன.

இழைத்திருந்தால் பெரிய தவறாகியிருக்கும். ஈரத்தில் இழைத்த மரம் கோடையில் சுருங்கும்போது நிரந்தரமாக இடைவெளி விட்டுவிடும்.

கழற்றியதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: கதவின் அடிவிளிம்பில் பெயிண்டே இல்லை. தண்ணீர் அதிகம் உறிஞ்சும் இடம் அதுதான். நன்றாக உலரவிட்டு, ப்ரைமர் அடித்து, மேலே 2 கை பெயிண்ட் பூசிய பிறகுதான் கதவை மாட்டினேன்.