கோழிக்கூட்டில் இரவில் கொறுகொறுச் சத்தமா? புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஐ.பி. நோய் செய்முறை

மார்கழி மாதம், வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், லொறியில் கோழி கொண்டுவந்து விற்கும் ஒருவரிடம் பன்னிரண்டு முட்டைப் பேடு வாங்கினேன். இருட்டிவிட்டது, மழையும் தூறுகிறது, நாளைக்குத் தனிக்கூடு அடிக்கலாம் என்று நினைத்து நேரே பழைய கோழிகளோடு சேர்த்து அடைத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை கூட்டைத் திறந்தால் புதிதும் பழசுமாக 48 கோழியும் தும்முகின்றன. விற்றவருக்கு போன் எடுத்தால், "எல்லா மருந்தும் போட்டதுதான் தம்பி, மழைக்குச் சளி பிடித்திருக்கும்" என்றார். சளிதான். ஆனால் மழையால் வந்த சளி இல்லை.

ஐ.பி. என்று மிருக வைத்தியர்கள் சுருக்கிச் சொல்லும் இந்த நோய்க்கு முழுப்பெயர் தொற்று மூச்சுக்குழல் அழற்சி. இதைக் கொண்டுவருவது ஒரு கொரோனா வைரஸ். பயப்படாதீர்கள், 2020இல் நம்மை வீட்டுக்குள் அடைத்த அந்த வைரஸ் இல்லை, இது கோழிகளின் கொரோனா, மனிதருக்குத் தொற்றாது. 1931இலேயே அமெரிக்காவின் வட டகோட்டாவில் குஞ்சுகளில் இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார்கள், மனிதரிடம் கொரோனா வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1960களில்தான். கோழிகள் நமக்கு மூத்தவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இங்கேதான் காசை விடுகிறார்கள்: இந்த வைரஸைக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. வந்த பிறகு நீங்கள் செய்யக்கூடியது கோழியைத் தாங்கிப் பிடிப்பது மட்டும். வராமல் தடுப்பதுதான் உண்மையான வேலை, அதில் பாதி தடுப்பு மருந்து, மீதிப் பாதி உங்கள் வளவு வாசல்.

படி 1: இரவில் போய்க் காது கொடுங்கள்

பகலில் கோழி கிளறும், கொக்கரிக்கும், சண்டை பிடிக்கும், அந்தச் சத்தத்தில் ஒன்றும் விளங்காது. இரவு எட்டரை, ஒன்பது மணிக்குக் கோழிகள் அடைந்து ஒரு மணி நேரம் கழித்து, டோர்ச் லைட்டை அணைத்துவிட்டுக் கூட்டுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நல்ல கூட்டில் சிறகு அசையும் சத்தம்கூட அரிதாகத்தான் கேட்கும். ஐ.பி. வந்த கூட்டில் தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஈரமான ஒரு கொறுகொறுச் சத்தம் வரும், நடுநடுவே 'ச்சிக்' என்று தும்மல். ஒரு கோழி நிறுத்தினால் இன்னொன்று தொடங்கும். ஒரு தடவை கேட்டால் பிறகு மறக்காது.

அடுத்து வேகத்தைப் பாருங்கள். வைரஸ் உள்ளே போய் 18 முதல் 36 மணி நேரத்துக்குள் நோய் வெளியே தெரிந்துவிடும். காற்றிலும் பரவுவதால் ஒரு கூட்டில் ஒன்றுக்கு வந்தால் ஓரிரு நாளில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் வந்துவிடும். ஒரு கோழி மட்டும் ஒரு வாரமாகத் தும்முகிறது, மற்றதெல்லாம் சும்மா இருக்கிறது என்றால் அது அநேகமாக வேறு எதுவோ.

குஞ்சுகள் என்றால் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கண்ணில் நீர் வடியும், பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெருக்கும்.

படி 2: முட்டையைத் தட்டில் உடைத்து ஊற்றுங்கள்

முட்டையிடும் கோழி வைத்திருப்பவர்களுக்கு இதுதான் மிகத் தெளிவான அடையாளம். முதலில் எண்ணிக்கை விழும், சில கூடுகளில் பாதிக்கும் கீழே போகும். பிறகு ஓட்டைப் பாருங்கள். தோல் முட்டை, சொரசொரப்பு, சுருங்கிய கோடுகள், பழுப்பு முட்டை வெளிறிப் போவது. ஒன்றை வெள்ளைத் தட்டில் மெதுவாக உடைத்து ஊற்றுங்கள். நல்ல முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றிக் கெட்டியான வெள்ளை மேடாக நிற்கும். ஐ.பி. முட்டையில் வெள்ளை முழுவதும் தண்ணீராய்த் தட்டின் ஓரம் வரை ஓடிவிடும், மஞ்சள் கரு நடுவில் தனியே கிடக்கும். பழைய முட்டையும் இப்படித்தான் ஓடும் என்பதால் அன்று காலை எடுத்த முட்டையையே உடையுங்கள்.

மிருக வைத்திய அலுவலகத்துக்கு நான் போனபோது அங்கிருந்த மிஸ் கோழியைப் பற்றிக் கேட்கவே இல்லை, "முட்டை எப்படி வருது தம்பி?" என்றுதான் கேட்டார். முட்டையைக் கொண்டுபோகாமல் கோழியைச் சாக்கில் போட்டுக்கொண்டு போன முட்டாள் நான்.

படி 3: ரணிக்கெட் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

எங்கள் பக்கத்தில் கோழிக்கு எது வந்தாலும் 'நோய் விழுந்திட்டு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆனால் ரணிக்கெட் (நியூகாசில் என்றும் சொல்வார்கள்) வேறொரு வைரஸால் வரும் நோய். தொடக்கத்தில் அதிலும் தும்மலும் மூச்சு வாங்கலும் வரும், அதனால்தான் ஏமாறுகிறோம். பச்சை நிறக் கழிச்சல், கழுத்து முறுகிப் பின்னால் திரும்புவது, கால் சிறகு இழுப்பது, நாளுக்கு நாள் சாவு கூடுவது, இவையெல்லாம் இருந்தால் ரணிக்கெட்டைச் சந்தேகப்படுங்கள். தடுப்பு மருந்து போடாத கூட்டை அது முழுவதுமாக வெறுமையாக்கிவிடும். முகம் ஒரு பக்கம் வீங்கி மூக்கிலிருந்து நாற்றமடிக்கும் சளி வடிந்தால் அது பக்டீரியாவால் வருகிற கொரைசாவாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு.

ஐ.பி.யில் வளர்ந்த கோழி அதிகம் சாகாது. ஆறு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுகளில்தான் நூற்றுக்கு 25, 30 வரை போகலாம். சிறுநீரகத்தைத் தாக்கும் வகையும் இருக்கிறது. அதில் சளி அடங்கின பிறகு கோழி அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், எச்சம் வெள்ளையாகத் தண்ணீர்போலப் போகும், சாவும் கூடும்.

ஒரே நாளில் பல கோழி திடீரென்று செத்தால் எதையும் அறுத்துப் பார்க்காமல், கறிக்கும் எடுக்காமல், உடனே அரச மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து நாம் செய்வது ஊகம், உறுதி செய்வது ஆய்வுகூடம்.

படி 4: கூட்டைக் காயவைத்து, கோழியைச் சூடாக்குங்கள்

நோய் வந்துவிட்டது. தனித்தனியாகப் பிரிக்க ஓடாதீர்கள், நீங்கள் பிரிக்கும் நேரத்துக்குள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடிப்பதில் ஏற்கனவே மூச்சு வாங்கும் கோழி இன்னும் களைத்துப்போகும்.

முதல் வேலை, ஈர உமியை அள்ளி வெளியே போட்டுக் காய்ந்த உமி பரப்புவது. அம்பாறைப் பக்கத்து ஆலைகளில் உமிக்குப் பஞ்சமில்லை, மாரி தொடங்குமுன் நான்கைந்து சாக்கு வாங்கி அடுக்கிவைத்தால் இந்த நேரத்தில் அலையத் தேவையில்லை. ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா, நோயால் புண்ணாகிப்போன மூச்சுக்குழலை மேலும் எரிக்கும். குனிந்து கோழியின் உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள், உங்கள் கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது.

இரண்டாவது காற்று. வாடை வீசும் பக்கத்தை மட்டும் சாக்காலோ கிடுகாலோ மறையுங்கள். நான் செய்த தவறு, நான்கு பக்கமும் தறப்பாள் கட்டிக் காற்றே இல்லாமல் ஆக்கியது. மறுநாள் உள்ளே நிற்க முடியவில்லை. கூரைக்குக் கீழே ஓர் அடியாவது திறந்திருக்கட்டும். குஞ்சுகளுக்கு வழக்கத்தைவிட மூன்று நான்கு பாகை சூடு கூட்டிக் கொடுங்கள், பல்பைக் கொஞ்சம் கீழே இறக்கினாலே போதும். குஞ்சுகள் பரவலாகப் படுத்திருந்தால் சூடு சரி, பல்பை விட்டு விலகி ஓடினால் கூடிவிட்டது.

தண்ணீரில் விற்றமின், தாதுப்பு கலந்து கொடுக்கலாம். உள்ளி, மஞ்சள், கருஞ்சீரகம் என்று எங்கள் பெரியம்மா அரைத்து உருட்டிக் கொடுப்பார், கெடுதலில்லை, ஆனால் வைரஸ் அதற்குப் பயப்படாது. அன்டிபயோட்டிக்கும் அப்படித்தான், அது வைரஸைத் தொடவே தொடாது. புண்ணான மூச்சுக்குழலில் பக்டீரியா ஏறினால் மட்டும் மிருக வைத்தியர் எழுதித் தருவார். அப்படிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டையையும் இறைச்சியையும் எடுக்கக்கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: வளவு வாசலைப் பூட்டுங்கள்

இந்த வைரஸுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. அதன் மேல் கொழுப்பாலான உறை ஒன்று உண்டு, சவர்க்காரம் பட்டாலே அது குலைந்துவிடும். ஆகவே பெரிய செலவு வேண்டாம். தண்ணீர்ப் பாத்திரம், தீன் தட்டு எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். கூட்டுக்கென்று ஒரு சோடி செருப்பு, அதைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குப் போகக்கூடாது.

பார்க்க வரும் சொந்தக்காரரைக் கூட்டுக்குள் விடாதீர்கள், அவர்கள் வீட்டிலும் கோழி இருக்கும். கடனாக வாங்கிய முட்டை மட்டை, திரும்பி வந்த சாக்கு, இதெல்லாம் வைரஸின் வாகனம். செத்ததை வாவியிலோ வாய்க்காலிலோ எறிபவர்களை நான் பார்த்திருக்கிறேன், பார்த்தாலே கோபம் வரும். கிணற்றுக்குத் தூரமாக, மேட்டுப் பக்கம் மூன்றடி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நோய்க் கோழியை மலிவு விலைக்கு யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள். என்னிடம் வந்தது அப்படித்தான்.

சத்தம் அடங்க இரண்டு வாரமளவு எடுக்கும். அதற்குப் பிறகும் சில வாரங்கள் கோழி வைரஸை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் அந்த நாட்களில் புதுக்கோழி எடுக்காதீர்கள், இருப்பதையும் கொடுக்காதீர்கள். முட்டை பழைய எண்ணிக்கைக்குக் கிட்ட வர ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம், சில கோழிகள் திரும்பி வரவே வராது.

படி 6: தடுப்பு மருந்தை ஒழுங்காகப் போடுங்கள்

நோய் அடங்கி, அடுத்த குஞ்சுத் தொகுதி எடுக்கும்போது இங்கிருந்து தொடங்குங்கள். எச்120 என்பது பல நாடுகளிலும் பாவிக்கப்படும் உயிருள்ள ஐ.பி. தடுப்பு மருந்து, ரணிக்கெட்டோடு சேர்த்து ஒரே குப்பியிலும் வருகிறது. பொதுவாக முதல் பத்து நாளுக்குள் ஒரு தடவை, மூன்று நான்கு வாரம் கழித்து மறுதடவை, முட்டைக்கோழி என்றால் முட்டையிடத் தொடங்குமுன் இன்னொரு தடவை. உங்கள் பக்கத்து நிலைமைக்கு எந்த நாள் என்று மிருக வைத்தியர் சொல்வதையே எடுங்கள். தும்மிக்கொண்டிருக்கும் கோழிக்குப் போடக்கூடாது.

குப்பி பெரும்பாலும் 1000 கோழிக்கானதாக வரும். உங்களிடம் இருப்பதோ முப்பது. கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை பிரிட்ஜில் வைத்து அடுத்த மாதம் போடுவது தண்ணீர் போடுவதற்குச் சமம். எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடு சேர்ந்து ஒரு குப்பி வாங்குகிறோம். ஒரே காலையில் எல்லா வளவுக்கும் போடுவதில் இன்னொரு நன்மை, நோய் ஒளிந்திருக்க இடமில்லை. ஒவ்வொரு வளவிலும் கையைக் கழுவிவிட்டு, அவரவர் கோழியை அவரவரே பிடிக்கட்டும்.

மருந்து 2 முதல் 8 பாகை குளிரிலேயே இருக்க வேண்டும். வாங்கப் போகும்போதே ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியோடு போங்கள். முதல் வருடம் நான் அதை ஷொப்பிங் பையில் போட்டு, நடுமத்தியானம் மட்டக்களப்பிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு படுவான்கரைக்கு வந்தேன். கச்சான் காற்றுக் காலத்து வெயில். போட்டதெல்லாம் செத்த மருந்து என்று பிறகுதான் விளங்கியது.

சின்னக் கூட்டுக்குக் கண்துளிதான் நல்லது. 1000 கோழிக்கான குப்பியைக் கரைக்க 30 மில்லிலீற்றர் கரைசல் வேண்டும், ஒரு துளி 0.03 மில்லிலீற்றர், கணக்குச் சரியாக வரும். கோழியை இடது அக்குளில் சிறகோடு அணைத்துப் பிடித்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு கண் வானத்தைப் பார்க்கும்படி வையுங்கள். துளிக்குழாயைச் சாய்க்காமல் நேராகக் கவிழ்த்து, கண்ணில் முட்டாமல், ஒரு துளி. துளி கண்மேல் ஒரு நொடி குமிழாக நிற்கும், கோழி இமைக்கும், துளி உள்ளே இழுபட்டுக் காணாமல் போகும். அதைப் பார்த்த பிறகு இறக்கிவிடுங்கள். தலையை உதறித் துளி வெளியே தெறித்தால் இன்னொன்று போடுங்கள்.

நூறு இருநூறு கோழி என்றால் தண்ணீரில் கொடுக்கலாம், ஆனால் குளோரின் இருந்தால் மருந்து செத்துவிடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு உங்கள் கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரும் வேண்டாம். சுத்தமான தண்ணீரில் லீற்றருக்கு 2.5 கிராம், அதாவது தேக்கரண்டி அளவு ஆடை நீக்கிய பால்மா கலந்து, 20 நிமிடம் விட்டு, பிறகு மருந்தைக் கரையுங்கள். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அதற்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீரை எடுத்துவிடுங்கள், நமது வெயிலுக்கு அதற்கு மேல் தாகப்படுத்தக்கூடாது. விடியக்காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டுக்குள் குடித்து முடித்துவிடும்.

மூன்று நான்கு நாளில் லேசாகத் தும்மும், அது மருந்து வேலை செய்வது, பதறாதீர்கள். வெறும் குப்பியைக் கொதிநீரில் போட்டு எடுத்துப் புதையுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ரணிக்கெட் சேர்ந்த மருந்து கண்ணில் பட்டால் நமக்கும் கண் சிவக்கும்.

படி 7: புதுக்கோழியை மூன்று வாரம் தள்ளி வையுங்கள்

வளவின் மறுமூலையில், காற்று அங்கிருந்து பழைய கூட்டுக்கு வராத பக்கமாக. தீன் போடுவது முதலில் பழசுக்கு, கடைசியில் புதுசுக்கு. அவ்வளவுதான்.

அப்புறம் குஞ்சுகளைப் பற்றி ஒன்று. இரண்டு வாரத்துக்குக் குறைந்த பேட்டுக் குஞ்சுக்கு இந்த நோய் வந்தால் முட்டை உருவாகி வரும் குழாய் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். வளர்ந்தால் கொண்டை சிவந்து, பளபளவென்று, சந்தையில் முதல் விலை போகும் கோழியாகத்தான் தெரியும். அந்த மார்கழியில் பத்து நாள் வயதாயிருந்த குஞ்சுகளில் தப்பிய இரண்டு பேடு என்னிடம் அப்படி இருந்தன. எது முட்டையிடவில்லை என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் நான்கைந்து நாள் தனிக்கூட்டில் அடைத்துத்தான் பார்க்க முடிந்தது. காலை பத்து மணிக்கு ஒழுங்காகப் பெட்டியில் ஏறி இருக்கும், அரை மணி நேரம் இருந்துவிட்டு இறங்கி ஊரைக் கூட்டிக் கொக்கரிக்கும். போய்ப் பார்த்தால் வைக்கோல் சூடாக இருக்கும், முட்டை இருக்காது.