தொங்குவது எது என்று தெரியாமல் கத்தி வைக்காதீர்கள்: கழுத்து, தாடை அறுவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண வீட்டில் பக்கவாட்டில் எடுத்த படத்தில் தன் மோவாய்க்குக் கீழே தொங்கும் சதையைப் பார்த்து மனம் நொந்து, மறு வாரமே திருச்சிக்கோ சென்னைக்கோ ரயிலேறி, "நூல் போட்டு இழுத்துவிடுங்கள்" என்று கேட்பவர்கள் இப்போது கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் இருக்கிறார்கள். அழகுக்காக அறுவை செய்துகொள்வதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால், எது தொய்ந்திருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே சிகிச்சையின் பெயரை முடிவு செய்துகொண்டு போவதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் தாய்த் தவறு.

கழுத்தில் மேலே தோல், அதனடியில் கொழுப்பு, அதனடியில் பிளாட்டிஸ்மா என்னும் மெல்லிய தசை, அதற்கும் உள்ளே இன்னொரு அடுக்குக் கொழுப்பு, தாடையெலும்பின் ஓரத்தில் உமிழ்நீர்ச் சுரப்பி என்று பல பொருள்கள் இருக்கின்றன. மோவாய்க்குக் கீழுள்ள சதையை இரு விரல்களால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் கழுத்தை இறுக்கிப் பாருங்கள்: சதை விரலுக்குள் அப்படியே நின்றால் கொழுப்பின் பெரும்பகுதி தசைக்கு வெளியே இருக்கிறது, நழுவிப்போனால் உள்ளே இருக்கிறது. மருத்துவரும் ஏறத்தாழ இப்படித்தான் சோதிக்கத் தொடங்குவார். கொழுப்பு வெளியே இருந்து, தோலும் சுருங்கும் தன்மையோடு இருந்தால், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷன் மட்டுமே போதும். தோல் தளர்ந்துவிட்ட அறுபது வயதுக்காரர் செலவு குறைவு என்று அதை மட்டும் செய்துகொண்டால், நெல்லைக் கொட்டிவிட்ட வெறும் சாக்குப் போலத் தோல் இன்னும் அதிகமாகத் தொங்கும். கழுத்தின் நடுவே இரண்டு கயிறுகள் போல நரம்போடித் தெரிவது பிளாட்டிஸ்மாவின் விளிம்புகள்; மோவாய்க்கு அடியில் சிறிதாகக் கீறி அவற்றைச் சேர்த்துத் தைக்க வேண்டும். தாடைக்கோட்டில் கன்னச்சதை வழிந்திருந்தால் கழுத்தைத் தூக்கித் தைக்கும் நெக் லிஃப்ட் மட்டும் அதைச் சரிசெய்யாது. காதோரம் திறந்து முகத்தின் கீழ்ப்பகுதியையும் தூக்க வேண்டியிருக்கும். தோலுக்கடியில் நூல் செலுத்தி இழுக்கும் சிகிச்சையோ மிகுதித் தோலை அகற்றுவதில்லை. அதன் பலனும் பெரும்பாலும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் தேய்ந்துவிடும்.

"இருக்கிற கொழுப்பையெல்லாம் எடுத்துவிடுங்கள்" என்று கேட்பது இன்னொரு தவறு. நடுக்கழுத்தில் அளவுக்கு மீறி எடுத்தால் அங்கே பள்ளம் விழுந்து, இருபுறமும் நாகப்பாம்பின் படம் போலப் புடைத்து நிற்கும். அதைத் திருத்துவது முதல் அறுவையைவிடக் கடினம். எச்சில் விழுங்கும்போது மேலேறி இறங்கும் வீக்கம் தொய்வாக இருக்காது, தைராய்டாக இருக்கலாம். அதற்கு ஸ்கேன்தான் முதல் வேலை.

எங்கள் பகுதிக்கென்றே ஒரு தவறு உண்டு. "சிகரெட் பிடிப்பீர்களா?" என்று மருத்துவர் கேட்டால், வாயில் புகையிலை அடக்கும் அம்மாள் "அந்தப் பழக்கமே இல்லை" என்று பொய்யில்லாமலே சொல்லிவிடுவார். கொழுந்து வெற்றிலையின் மேல் பழி ஒன்றும் இல்லை. அதனோடு சேரும் புகையிலையும் பாக்கும்தான் சிக்கல். தூக்கிய தோல் அடியிலிருந்து பிரிக்கப்பட்டுவிடுவதால், ஓரங்களிலிருந்து வரும் இரத்தத்தை நம்பித்தான் பிழைக்கிறது. நிகோடின் நுண்குழாய்களைச் சுருக்கினால் காதுக்குப் பின்னால் அந்தத் தோல் கறுத்து அழுகிவிடக்கூடும். அறுவைக்கு முன் குறைந்தது 4 வாரமும், பிறகு புண் ஆறும் வரையும் புகையிலையை எந்த உருவிலும் தொடக்கூடாது. நெடுங்காலம் பாக்கு மென்றவர்களுக்கு வாய்க்குள் சவ்வு இறுகி வாய் திறப்பது குறைந்திருக்கலாம். மயக்க மருத்துவர் மூன்று விரல்களை நெடுக்காக வாய்க்குள் வைக்கச் சொல்வது இதைப் பார்க்கத்தான். விரல்கள் நுழையாவிட்டால் சுவாசக் குழாய் செலுத்துவது கடினம் என்பதை, மேசையில் படுத்த பிறகு கண்டுபிடிக்கும்படி விடக்கூடாது.

மாத்திரைகளை மறைப்பதும் இதே வகைதான். ஆஸ்பிரின், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, நாட்டு மருந்துச் சூரணம் என எதையும் விடாமல் சொல்லுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த அறுவையில் அதிகம் நேரும் பெரிய சிக்கல் தோலடியில் இரத்தம் கட்டுவது. அது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். ஆண்களுக்கும் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கூடுதலாக வரும். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் மருத்துவர் உடனே கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கழுத்தில் வேகமாகச் சேரும் இரத்தம் மூச்சுக்குழாயையே அழுத்தக்கூடும். அன்று மாலையே வேதாரண்யத்துக்குப் பேருந்து ஏறுவதைவிட, ஒரு நாள் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்குவது மேல்.

நாள் குறிப்பதிலும் பிசகுகிறார்கள். கன்றிப்போன நிறம் மறைய ஏறத்தாழ 2 வாரம் ஆகும். வடிவம் முழுதாகப் படிய 3 முதல் 6 மாதம் ஆகும். தை முகூர்த்தத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் ஆவணிக்குள் முடித்துவிட வேண்டும். மார்கழியில் போய் நிற்கக்கூடாது. முதல் இரண்டு மூன்று வாரம் குனிவதும் பளு தூக்குவதும் ஆகாது என்பதால், மேட்டூர் திறந்து குறுவை நடவு நடக்கும் நாட்களில் வயலில் வேலை உள்ளவர்கள் இதை வைத்துக்கொள்ள வேண்டாம். வெயில் பட்டால் தழும்பு கறுக்கும். காது குத்திய இடம் முன்பே தடித்து வளர்ந்திருந்தால், அறுவைத் தழும்பும் அப்படித் தடிக்கலாம் என்பதால் அதை முதல் சந்திப்பிலேயே காட்டிவிடுங்கள்.

காது மடலைச் சற்றுக் கவனியுங்கள். தோலை மட்டும் இறுக்கி இழுத்துத் தைத்தால் மடல் கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும். தோடு போட்டால் உடனே தெரிந்துவிடும். 1976இல் பிரெஞ்சு மருத்துவர்கள் மிட்ஸும் பெரோனியும் விவரித்த ஸ்மாஸ் என்னும் உள்ளடுக்கை உயர்த்தி, தோலைத் தளர்வாக மூடுவதே இதைத் தவிர்க்கும் வழி. உங்களுக்கு எந்த அடுக்கில் இழுக்கப்போகிறார் என்று கேளுங்கள்; எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். காப்பீடு அழகு அறுவைக்குப் பணம் தராது என்பதால், மருத்துவமனை, மயக்க மருத்துவர், மறு அறுவை ஆகியவற்றின் செலவையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய நோயாளிகளின் படங்களைக் காட்டினால், முன்னும் பின்னும் தலை ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மோவாயைச் சற்றே தூக்கினாலே யாருடைய கழுத்தும் இறுகித்தான் தெரியும்.